கொடைக்கானல் மலையும் வண்டி காட்டிய 95 கிலோமீட்டரும்

பொள்ளாச்சி

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. தங்கச்சியின் முழங்கால் வலி குறைந்து, மலைக்கெல்லாம் கிளம்பும் அளவுக்குத் தேறிவிட்டார் என்று படித்ததும் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். வைத்தியம் எங்கே பார்த்தது என்று வீட்டில் கேட்கச் சொன்னாள். அடுத்த கடிதத்தில் அதை மட்டும் விவரமாக எழுது.

சரி, உன் கார் விஷயத்துக்கு வருகிறேன். வத்தலக்குண்டைத் தாண்டும்போது இன்னும் 95 கிலோமீட்டர் ஓடும் என்று காட்டிய வண்டி, பெருமாள்மலை வருவதற்குள் 20க்கு இறங்கிவிட்டது, இத்தனைக்கும் கொடைக்கானலே வத்தலக்குண்டிலிருந்து அறுபது கிலோமீட்டருக்குள்தான், எனக்குப் பொய் சொல்லிவிட்டது என்று பொங்கியிருக்கிறாய். சர்வீஸ் ஆட்கள் கோளாறு இல்லை என்று சொன்னதும் உனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவர்கள் சொன்னது சரி. வண்டியில் கோளாறு இல்லை. அந்த எண்ணை நீ எடுத்துக்கொண்ட விதத்தில்தான் சிக்கல்.

அந்த எண் எப்படி வருகிறது என்று பார். டேங்குக்குள் ஒரு கம்பியின் நுனியில் மிதவை ஒன்று இருக்கும். பெட்ரோல் இறங்க இறங்க அதுவும் இறங்கும். அதை வைத்து மீதி இத்தனை லிட்டர் என்று வண்டி குத்துமதிப்பாகத் தெரிந்துகொள்கிறது. அப்புறம், எஞ்சினுக்குப் பெட்ரோலைப் பீச்சும் இஞ்செக்டர் இதுவரை எவ்வளவு பெட்ரோல் விட்டது, வண்டி எவ்வளவு தூரம் ஓடியது என்பதை வைத்துச் சமீபத்திய மைலேஜைக் கணக்கிடுகிறது. இரண்டையும் பெருக்கிக் காட்டுகிறது. அவ்வளவுதான். முன்னால் மலை இருப்பது அதற்குத் தெரியாது. நீ திண்டுக்கல்லிலிருந்து சமவெளியில், ஐந்தாவது கியரில், ஒரே சீராக வந்திருப்பாய். அந்தச் சாலையின் மைலேஜை வைத்துத்தான் 95 என்றது. போன மாதச் செலவை வைத்து, கையில் இருக்கும் பணம் எத்தனை நாளைக்கு வரும் என்று பார்ப்பது போல. இந்த மாதம் வீட்டில் கல்யாணம் என்றால் அந்தக் கணக்குக்கு என்ன மரியாதை?

மலை எவ்வளவு கேட்கும் என்று நானே ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் படித்த பௌதிகம்தான், நீ என்னைவிட நன்றாகப் போடுவாய். கொடைக்கானல் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,100 மீட்டர். வத்தலக்குண்டு 300 மீட்டர் அளவில் இருக்கிறது. ஆக 1,800 மீட்டர் ஏற்றம். வண்டி, நீங்கள் எல்லோரும், அந்தப் பலகாரக் கூடை எல்லாம் சேர்த்து 1,300 கிலோ என்று வை. அவ்வளவு எடையை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க மட்டும் ஏறக்குறைய 23 மெகாஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் 33 மெகாஜூல் இருக்கிறது, முக்கால் லிட்டர்கூட வேண்டாமே என்று தோன்றும். ஆனால் எஞ்சின் அதில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும், மற்றதெல்லாம் சூடாகப் போய்விடும். அப்படிப் பார்த்தால் தூக்குவதற்கு மட்டும் இரண்டரை லிட்டருக்கு மேல் வேண்டும். சமவெளியில் அதே பெட்ரோலில் நாற்பது கிலோமீட்டர் போயிருப்பாய். நீ ஓட்டிய தூரத்தோடு இந்த நாற்பதையும் சேர்த்துக் கழித்துப் பார். உன் 95 எங்கே போனது என்று கணக்கு ஏறக்குறைய ஒத்துவரும்.

இதே கணக்கு தலைகீழாகவும் நடக்கும். அது இன்னும் வேடிக்கை. போன மாதம் மாப்பிள்ளை, மகள், பேரனோடு வால்பாறை போய்த் திரும்பினோம். வண்டியை மாப்பிள்ளைதான் ஓட்டினார். கிளம்பும்போது 140 காட்டியது. நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி ஆழியாறு வந்தபோது 190ஐத் தாண்டியிருந்தது. பேரனுக்கு ஒரே ஆச்சரியம், “தாத்தா, யார் பெட்ரோல் ஊத்தினா?” என்று கேட்டான். யாரும் ஊற்றவில்லை. இறக்கத்தில் வண்டி கியரில் இருக்க, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இப்போதைய எஞ்சின்களில் பெட்ரோல் விடுவதே நின்றுபோகும். சக்கரம்தான் எஞ்சினைச் சுழற்றுகிறது. மைலேஜ் எங்கேயோ போய்விடும், அதைப் பெருக்கிக் காட்டும் எண்ணும் ஏறிவிடும். டேங்கில் ஒரு சொட்டுகூடக் கூடவில்லை. ஊருக்குள் வந்து நாலு சிக்னலில் நின்றதும் அது மறுபடி இறங்க ஆரம்பித்தது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உன் மச்சினர் மலை இறங்கும்போது மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டுவார் என்று எழுதியிருந்தாய். அவரிடம் சொல், நியூட்ரலில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கவே பெட்ரோல் வேண்டும். கியரில் இறங்கினால் அதுகூட வேண்டாம். அதனால் அவர் மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செலவு செய்கிறார். எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டுவது அதைவிட மோசம். பிரேக்கை ஒன்றிரண்டு தடவை அழுத்தியதும் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனத்துப் போகும். ஒரு பக்கம் பள்ளம் இருக்கும் சாலையில் அந்த விளையாட்டு எதற்கு?

மைலேஜ் கதை இது. மீதி லிட்டர் எவ்வளவு என்பதும் அத்தனை உறுதியானது இல்லை. ஃபுல் டேங்க் போட்டபின் முள் வெகுநேரம் அசையாமல் நிற்கும், பாதிக்குக் கீழே வந்ததும் மடமடவென்று விழும். நீயும் கவனித்திருப்பாய். டேங்க் சதுரப் பெட்டி இல்லை, பின் சீட்டுக்கு அடியில் கிடைக்கிற இடத்தில் வளைந்து நெளிந்து கிடக்கிறது. சரிவில் நின்றால் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். பல வண்டிகளில், அவசரத்துக்கு இருநூறு ரூபாய்க்குப் போட்டால் கணக்கு உடனே மாறவே மாறாது. போட்டதை அது கவனிப்பதற்குக் கொஞ்சம் அதிகமாகப் போட வேண்டும்.

நீ விமானக் கதைகளை விரும்பிப் படிப்பவன், கனடாவின் கிம்லி சம்பவம் உனக்கு நினைவிருக்கும். 1983 ஜூலை 23. ஏர் கனடாவின் போயிங் 767, மான்ட்ரியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டன் போகிறது. எரிபொருள் அளவுகாட்டி வேலை செய்யவில்லை. சரி என்று கீழேயிருந்து கோல் வைத்து அளந்தார்கள். அங்கேதான் வினை. லிட்டரை 0.8 ஆல் பெருக்கினால் கிலோ வரும். இவர்கள் 1.77 ஆல் பெருக்கிவிட்டார்கள், அது பவுண்டுக் கணக்கு. கனடா மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. 22,300 கிலோ இருப்பதாக விமானக் கணினிக்குச் சொன்னார்கள், உண்மையில் இருந்தது அதில் பாதிக்கும் குறைவு. கணினி தன் வேலையை ஒழுங்காகச் செய்தது, சொன்ன எண்ணிலிருந்து செலவைக் கழித்துக் கழித்து இன்னும் இத்தனை இருக்கிறது என்று காட்டிக்கொண்டே வந்தது. 41,000 அடி உயரத்தில் போய்க்கொண்டிருந்த விமானத்தில் இரண்டு எஞ்சினும் நின்றன. கேப்டன் ராபர்ட் பியர்சனுக்கு கிளைடர் ஓட்டிப் பழக்கம் இருந்தது. கிம்லியில் கைவிடப்பட்ட ஒரு விமானப்படைத் தளத்தில், கார் பந்தயத்துக்குப் பயன்பட்டுக்கொண்டிருந்த ஓடுபாதையில் இறக்கினார். 69 பேரும் பிழைத்தார்கள். எனக்கு அந்தக் கதையில் பியர்சனைவிட அந்தக் கணினிதான் மனதில் நிற்கிறது. கழித்தலில் ஒரு தப்பும் இல்லை.

நம் பழைய பைக்குகளில் இந்தப் பிரச்சினை கிடையாது. டேங்குக்குள் உயரமாக ஒரு குழாய், தாழ்வாக ஒரு துளை. ஓடிக்கொண்டிருக்கும்போது திக்கினால் கையை விட்டுப் பெட்ரோல் திருகை ரிசர்வுக்கு, அதாவது அந்தத் தாழ்வான துளைக்குத் திருப்பு, முடிந்தது. அது யூகம் இல்லை. அந்தக் குழாயின் உயரத்துக்குக் கீழே இருக்கும் பெட்ரோல் உள்ளே இருந்தே தீரும். ஒரே குறை, பெட்ரோல் பங்க்கில் போட்டபின் திருகை மறுபடி மேலே திருப்ப மறந்தால் அடுத்த தடவை எச்சரிக்கையே வராது. அப்புறம் சேத்தக் ஸ்கூட்டரைச் சாய்த்து நிறுத்தி, மூலையில் கிடப்பதை வழிய விட்டு, உதைத்துக் கிளப்ப வேண்டியதுதான்.

பூஜ்யம் காட்டினாலும் கொஞ்சம் ஓடும் என்று உன் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது பொய் இல்லை. நிறைய வண்டிகளில் கொஞ்சம் ஒளித்து வைத்துத்தான் பூஜ்யம் காட்டுகிறார்கள். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பது வண்டிக்கு வண்டி வேறு. எனக்குப் பிடித்தது என்னவென்றால், சில வண்டிகள் கடைசிக் கட்டத்தில் எண்ணையே எடுத்துவிட்டு வெறும் கோடு காட்டும். அதுதான் நாணயம். அதோடு, பெட்ரோல் பம்ப் டேங்குக்குள்ளேயே மூழ்கி, அந்தப் பெட்ரோலிலேயே குளிர்ந்து ஓடுவது. அடிக்கடி வற்ற விட்டால் சூடாகி அதன் ஆயுள் குறையும். டீசல் வண்டியாக இருந்து வற்றிப்போனால், டீசல் ஊற்றியும் பல வண்டிகள் கிளம்பாது, குழாயில் புகுந்த காற்றை எடுக்க மெக்கானிக்கைத் தேட வேண்டும். நடுமலையில் யாரைத் தேடுவாய்?

உன் மகன் மின்சாரக் கார் வாங்கப்போவதாக எழுதியிருக்கிறாய். நல்லது. அதிலும் இதே எண்தான் பெரிதாக நடுவில் நிற்கும், ஏற்றத்தில் இதைவிட வேகமாக விழும். ஆனால் இறக்கத்தில் அந்த எண் ஏறும்போது அதில் ஒரு பகுதி நிஜமாகவே பேட்டரிக்குள் திரும்பி வந்த சார்ஜ். அந்த ஒரு விஷயத்தில் நம் பெட்ரோல் வண்டியைவிட அதை நம்பலாம். தீர்ந்துபோனால் மட்டும், யாரிடமும் கெஞ்சி ஒரு பாட்டிலில் வாங்கி வர முடியாது.

என் பழக்கம் இது. மலைக்குக் கிளம்பினால் அடிவாரத்திலேயே பாதி டேங்குக்கு மேல் இருக்க வேண்டும். பாதி என்றால் முள்ளில் பாதி, கிலோமீட்டரில் இல்லை. எச்சரிக்கை விளக்கு எரிந்தபின் அந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை, அடுத்த பெட்ரோல் பங்க்கைத்தான் பார்ப்பேன்.

இங்கே தென்னைதான் கவலை. வெள்ளை ஈ ஒரு பக்கம், வேர் வாடல் இன்னொரு பக்கம். மேற்கு வரிசையில் சில மரங்களை வெட்டச் சொல்லிவிட்டார்கள், மனசு வரவில்லை, இன்னும் நிற்கின்றன. விலை நன்றாக இருக்கும் நேரத்தில் காய் இல்லை.

மார்கழியில் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா. வால்பாறை போகலாம், டேங்க் என் பொறுப்பு. வரும்போது கொப்பரைக் களத்துக்குத் திண்டுக்கல் பூட்டு ஒன்று, பெரியதாக, வாங்கி வா. இரண்டு சாவி இருக்கட்டும். போன தடவை நீ கொண்டுவந்ததில் ஒரு சாவிதான் இருந்தது, அதையும் வீட்டில் எங்கேயோ வைத்துவிட்டு என்னைக் குறை சொல்கிறாள்.

அன்புடன்,
பழனிச்சாமி