பயறு வண்டு வயற்காட்டிலிருந்தே வருகிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

பயறு வகைகளில் பூச்சி மேலாண்மை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வாசனையால் பூச்சியை இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி, புழு தின்னும் பறவைகள் உட்காரப் பறவைத் தாங்கி, வேப்பங்கொட்டைக் கரைசல் என்று வயலுக்குச் சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் அறுவடையோடு நிறுத்திவிட்டீர்கள். வாழப்பாடிப் பக்கம் மானாவாரியில் துவரை, கொள்ளு, மொச்சை போடும் எங்களுக்கு அதற்கப்புறம்தான் பாதித் தலைவலி.

சேமித்த பயறைத் துளைக்கும் பயறு வண்டு ஏதோ மூட்டையில் பிறக்கிற பூச்சி என்றே பலர் நினைக்கிறார்கள். முற்றிவரும் காய்கள் மேல் வயற்காட்டிலேயே அது முட்டை வைத்துவிடும். புழு காயைத் துளைத்து விதைக்குள் போய்விடுவதால் களத்தில் தூற்றும்போது ஒன்றும் தெரியாது. ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாகி வெளியே வந்து, அடுத்த முட்டைகளை நேராகப் பயறு மேலேயே ஒட்டும். பயறின் மேல் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிவது அவைதான். பழைய சாக்கை உதறாமல் எடுத்தால் போன வருட வண்டும் கூடச் சேர்ந்துகொள்ளும்.

துவரைக்குச் செம்மண்ணைக் குழைத்துப் பூசி, காயவைத்து, உடைத்துப் பருப்பாக வைப்பது எங்கள் பாட்டிமார் வழக்கம். அதில் விஷயம் இருக்கிறது: இந்த வண்டு முட்டை வைக்க முழுப்பயறைத்தான் தேடும், உடைத்த பருப்பை அவ்வளவாக நாடாது. விதைக்கு வைப்பதை உடைக்க முடியாது. அதற்கு வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய, வண்டு உள்ளே விழும்படி துளைகள் உள்ள குழாய்ப் பொறியைப் பயறுக்குள் செருகி வைத்தால், வண்டு வந்திருப்பதாவது சீக்கிரம் தெரியும்.

இதையெல்லாம் விட்டுவிட்டுச் சில வீடுகளில் மூட்டைக்குள் பூச்சி கொல்லும் மாத்திரை போடுகிறார்கள். போட்டுவிட்டு அதே அறையில் பாய் விரித்துப் படுக்கிறார்கள்! அந்த மாத்திரையில் உள்ள அலுமினியம் பாஸ்பைடு ஈரக்காற்றில் பாஸ்பீன் வாயுவாகக் கிளம்பும், ஆளையே கொன்றுவிடும். பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே கையாள வேண்டிய மருந்து அது. கடையில் கேட்டால் காகிதத்தில் மடித்துக் கொடுக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை பயறை நன்றாகக் காயவைப்பதுதான். அதன் ஈரப்பதம் 10 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். தை மாதப் பனியில், களம் இல்லாத ஊர்க்காரர்கள் தார் ரோட்டில் கொட்டித்தான் காயவைக்கிறோம். பஸ்காரர் திட்டுவதிலும் நியாயம் இருக்கிறது. மலையடிவாரக் கிராமங்களுக்கு உலர்களம் வேண்டும் என்று உங்கள் இதழில் ஒரு வரி எழுதுங்கள். அடுத்த துவரை அறுவடைக்கு முன்னால் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தாரிடம் கேட்டு, இரண்டு மூன்று மூட்டை மட்டும் வைத்திருப்பவர்களுக்கு ஏற்ற சேமிப்பு முறைகளையும் வெளியிட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
துவரை விவசாயி ஒருவர்,
வாழப்பாடி, சேலம் மாவட்டம்.