கையெழுத்து முதலில்: புத்தாக்கக் கூட்டங்களை ஒழுங்கு செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களுக்கு,

பல்கலைக்கழகத்தையும் கம்பனிகளையும் எங்களைப்போன்ற சிறு தொழில் செய்வோரையும் ஒரே மேசையில் இருத்துகிற உங்களுக்கு, கிளிநொச்சி மாவட்டத்துப் பரந்தனில் இரும்புப் பட்டறை வைத்திருப்பவன் எழுதுகிறேன். நெல் உலர்த்தும் இயந்திரத்தின் கதை உங்களுக்குத் தெரியும். எங்களைச் சேர்த்துவிட்டதே நீங்கள்தான்.

மோட்டாரும் சந்தையும் கம்பனி தரும், ஈரம் அளக்கும் கருவியை மாணவர்கள் செய்வார்கள், தகடும் கூலியும் என்னுடையது என்று பேச்சு. ஒரு தாளிலும் எழுதவில்லை. 3 மாதம் இரவுபகலாகச் செய்து ஓட்டிக் காட்டினோம். கம்பனிக்காரர் வரைபடத்தைப் போனில் படமெடுத்தார்கள், மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அதன்பிறகு அழைப்பை எடுக்கவில்லை. மாணவர்களும் படிப்பு முடிந்து போய்விட்டார்கள். தகட்டுக் கடன் என் பெயரில் நிற்கிறது.

14 சதவீதத்துக்கு மேல் ஈரமென்றால் நெல் சந்தைப்படுத்தும் சபை முழு விலைக்கு எடுக்காது. அதனால்தான் மாசியில் என் அக்கா முல்லைத்தீவு வீதித் தாரில் நெல்லைப் பரப்பினா. பின்னேரம் வானம் இருண்டது. லொறிகள் ஹோண் அடிக்க அடிக்க, அவவும் பிள்ளைகளும் தும்புத்தடியால் கூட்டி அள்ளினார்கள். அரைவாசி நனைந்துவிட்டது. சில நாள் கழித்துச் சாக்கை அவிழ்த்தால் நெல் முளைவிட்டிருந்தது. அந்தச் சாக்குகளுக்குப் பக்கத்துக் கொட்டிலில்தான் என் இயந்திரம் படங்கால் மூடிக் கிடந்தது.

நான் கேட்பது ஒன்றுதான். வேலை தொடங்க முதலே எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். யார் என்ன போடுகிறார், வரைபடம் யாருடையது, ஒருவர் விலகினால் மற்றவரின் செலவை யார் தருவது என்று அதில் இருக்கவேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் ஆக்கவுரிமை (பேட்டன்ட்) பெற, கண்டுபிடிப்பு புதியதாக இருக்கவேண்டும். விண்ணப்பிக்க முதல் எல்லோருக்கும் திறந்து காட்டிவிட்டு நாளைக் கடத்தினால் அந்தப் புதுமைக்கே கேள்வி வரும். மேடையில் எங்களை ஏற்றியபோது இதை ஒருவரும் சொல்லவில்லை.

ஒருவரை ஒருவர் தாங்கி எல்லோரும் வளரும் 'சூழற்றொகுதி' என்று நிறையப் பேசுகிறீர்கள். குளத்தில் ஒரு மீன் மட்டும் கொழுத்தால் அதை நாங்கள் அப்படிச் சொல்வதில்லை. பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலையும் ஒட்டுசுட்டானில் ஓட்டுத் தொழிற்சாலையும் ஓடிய மண் இது. இன்றைக்கு அறிவியல்நகரில் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் இருக்கின்றன. கைவேலைக்கும் படிப்புக்கும் இங்கே குறைவில்லை. எங்கள் உழைப்புக்கு ஒரு கையெழுத்துப் போட மட்டும் ஏன் ஆளில்லை?

கோபத்தில் கூடக் கதைத்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தில் தமிழில் ஒரு மாதிரி ஒப்பந்தப் படிவத்தை மேசையில் வையுங்கள். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் எவரையும் சோடி சேர்க்காதீர்கள். அந்தக் கம்பனியையும் ஒருக்கால் கூப்பிட்டுப் பேசுங்கள். ஆவணியில் சிறுபோகம் வெட்டத் தொடங்கிவிடுவார்கள், அதற்குள் மோட்டார் வந்தால் பூட்டி ஓட்ட எனக்கு ஒரு நாள் போதும்.

இப்படிக்கு,
பரந்தன் பட்டறைக்காரன்