நஷ்டத்தை மீட்க முடியுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் வணிகப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். 'நஷ்டத்தை மீட்டது நிறுவனம்' என்ற மாதிரி தலைப்புகள் இப்போதெல்லாம் அடிக்கடி கண்ணில் படுகின்றன. அடகு வைத்த நகையை மீட்கிறோம், கிணற்றில் விழுந்த பிள்ளையை மீட்கிறார்கள், அதாவது போனது எதுவோ அதுவே திரும்பி வர வேண்டும். அப்படியானால் நஷ்டத்தை மீட்டால் நஷ்டம்தானே திரும்பி வரும்? நஷ்டத்திலிருந்து மீளலாம், இழந்த பணத்தை மீட்கலாம், இரண்டும் நல்ல தமிழ். தலைப்பில் இடம் போதவில்லை என்று உருபை வெட்டும்போது மீண்டது மீட்டதாகி, பொருளே தலைகீழாகிவிடுகிறது.

வெறும் இலக்கணம் என்றால் விட்டுவிடுவேன். ஆனால் பணத்தைப் போட்டவர்கள் பதற்றத்தோடு படிக்கிற செய்தி இது.

ஈடுகட்டுவது என்றால் ஒரு பக்கம் போனதற்குச் சமமாக இன்னொரு பக்கத்திலிருந்து வர வேண்டும். ஒரு கிளையில் போனதை மற்றொரு கிளையின் லாபம் ஈடுகட்டும். இழப்பீடு வேறு, அது காப்பீட்டு நிறுவனமோ நஷ்டத்துக்குக் காரணமானவரோ கொடுப்பது. வியாபாரிகளோ இத்தனை சுற்றுவதில்லை, 'போட்ட முதல் வந்ததா, அசலாவது தேறுமா' என்றுதான் கேட்பார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இந்தத் 'தேறும்'தான், ஏனென்றால் எவ்வளவு வரும் எவ்வளவு போகும் என்ற சந்தேகத்தையும் அது மறைக்காமல் சொல்லிவிடுகிறது.

'ஈடு' என்று எழுதினால் கணக்கும் சமமாக இருக்க வேண்டும் அல்லவா? 100-க்கு வாங்கிய பங்கு 20 சதவீதம் விழுந்தால் 80. அப்புறம் அது 20 சதவீதம் ஏறினால் 96தான் வரும், பழைய இடத்துக்கு வர 25 சதவீதம் ஏற வேண்டும். பாதியாக விழுந்தது இரட்டிப்பாக வேண்டும். இதைப் பார்க்காமல் 'சென்ற மாதம் 20 சதவீதச் சரிவு, இந்த மாதம் 20 சதவீத ஏற்றம், இழப்பு முழுவதும் ஈடுகட்டப்பட்டது' என்று எழுதினால், படிக்கிறவர் தன் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டு மீதி 4 எங்கே போனது என்று குழம்பத்தான் செய்வார்.

அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் பங்குச் சந்தைக் குறியீடு 1929 செப்டம்பரில் 381 புள்ளிகளில் இருந்தது, 1932 ஜூலையில் 41-க்கு இறங்கியது. மறு வருடமே இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது என்பதும் உண்மை, சரிவிலிருந்து மீள்கிறது என்று அன்றைக்கு எழுதியிருந்தால் தப்பே இல்லை, ஆனால் பழைய உச்சத்தை மறுபடி எட்ட 1954 நவம்பர் ஆகிவிட்டது. ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் கடைசியில் தொட்ட உச்சத்தைத் தாண்டியது 2024 பிப்ரவரியில். இத்தனை வருட இடைவெளியை 'மீட்சி' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கிவிட முடியாது.

காலாண்டு முடிவுகளிலும் இதே கதைதான். பல வருடம் நஷ்டத்தில் ஓடிய நிறுவனம் ஒரு காலாண்டில் கொஞ்சம் லாபம் காட்டினால் 'லாபத்துக்குத் திரும்பியது' என்று எழுதுங்கள், சரி. நஷ்டத்தை ஈடுகட்டிவிட்டது என்று எழுத வேண்டுமானால் இதுவரை சேர்ந்த நஷ்டம் எவ்வளவு, அதில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்ற இரண்டு எண்களும் அந்தச் செய்தியிலேயே இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. பங்குச் சந்தை ஆலோசனைப் பகுதிகளில் 'விட்டதைப் பிடிக்கலாம்' என்ற தொடரைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். அது சூதாட்ட மேசையில் புழங்குகிற பேச்சு. கையில் மிச்சம் இருப்பதையும் தூக்கி வைக்கச் சொல்லித் தூண்டுவதே அதுதான், ஏற்கெனவே பணம் போன வருத்தத்தில் இருப்பவருக்கு அதையே நாளிதழும் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் வாசகர்