ஜூனில் முதல் 2 வாரம் பாடநூல் காத்திருக்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கேரளத்தில் பள்ளி திறக்கும் நாளில் தோரணம், பலூன், மிட்டாய் என்று பிரவேசனோத்சவப் படங்கள் நாளிதழ்களில் வருகின்றன. அந்த மகிழ்ச்சி ஆசிரியருக்கும் உண்டு. 2 மாதம் பூட்டிக் கிடந்த வகுப்பறையைத் திறக்கும்போது, இந்த ஆண்டு ஒரு பிள்ளையும் பின்தங்கக் கூடாது என்ற வேகம் எல்லோருக்கும் வரும். ஆனால் தமிழ்நாட்டு எல்லையோரம் உள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்துத் தமிழ்வழித் தொடக்கப் பள்ளிகளில் அந்த வேகத்தோடு ஒரு பயமும் சேர்ந்தே வரும். பள்ளி திறந்த ஆறாம் பணி நாளன்று பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் முடிவாகிறது. ஒன்றிரண்டு பிள்ளை குறைந்தாலே ஒரு டிவிஷன் (வகுப்புப் பிரிவு) போய்விடலாம்.

எல்லையில் இந்தக் கணக்கு இன்னும் சிக்கலானது. பொள்ளாச்சிப் பக்கமிருந்து வரும் பிள்ளையின் விவரம் தமிழ்நாட்டின் மாணவர் விவரத் தளமான எமிஸில் இருக்கும். இங்கே கேரளத்தின் அதுபோன்ற தளமான சம்பூர்ணாவில் புதிதாக ஏற்ற வேண்டும். ஆதாரில் தலைப்பெழுத்து ஒரு மாதிரி, மாற்றுச் சான்றிதழான டி.சி.யில் வேறு மாதிரி இருந்தால் இழுபறிதான். டி.சி. வரத் தாமதமாகிறது என்று சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு. ஆகவே பிள்ளையை முதலில் வகுப்பில் உட்கார வைத்துவிட்டுக் காகிதத்தைப் பிறகு தேடுவதே முறை.

இந்த ஓட்டத்தில் முதல் வாரம் கரைந்துவிடும். உடனே 'பாடம் பின்தங்குகிறதே' என்ற பதற்றத்தில் பாடநூலின் முதல் பக்கத்தைத் திறந்துவிடுகிறார்கள். என் கவலை இங்கேதான். எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு வாசிக்க வரும் என்று தெரியாமல் தொடங்கும் பாடம், ஏற்கெனவே வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு மட்டும்தான் போய்ச் சேரும்.

2, 3, 4-ஆம் வகுப்புகளில் முதல் 2 வாரத்தை வாசிப்பைக் கண்டறியவே ஒதுக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு 3 நிமிடம் போதும். நாளுக்கு 6 பேர் என்றால் 30 பேரை 5 நாளில் பார்த்துவிடலாம். ஒரே தாளில் 10 எழுத்து. படம், மரம், பட்டம் போன்ற 10 எளிய சொல். கொக்கு, தேங்காய், பௌர்ணமி போன்று கொம்போ காலோ வரும் 10 சொல். 5 வாக்கியம் கொண்ட ஒரு பத்தி. பத்தியைப் பாடநூலிலிருந்து எடுக்கவே கூடாது. பாடநூல் வரியைப் பல பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள், விரல் மட்டும் எழுத்தின்மேல் நகரும். சந்தேகம் வந்தால் கடைசி வாக்கியத்திலிருந்து மேல்நோக்கி வாசிக்கச் சொன்னால் தெரிந்துவிடும். சோதனை காலை முதல் பீரியடில், மற்றவர்கள் படம் வரையும்போது, ஆசிரியரின் மேசையருகே நடக்கட்டும். வகுப்பின் நடுவே எழுந்து நின்று வாசி என்றால் கூச்சப்படும் பிள்ளை தெரிந்ததையும் விழுங்கிவிடும்.

முதல் வார முடிவை வைத்து யாரையும் 'மெல்லக் கற்பவர்' பட்டியலில் போட்டுவிடக் கூடாது. ஏப்ரல், மே விடுமுறையில் புத்தகத்தையே தொடாத பிள்ளைக்குச் சரளம் குறைந்திருக்கும். வகுப்புக்கு வந்த சில நாளில் அது தானாகத் திரும்பும். அதே தாளை மூன்றாவது வாரம் மறுபடி கொடுத்துப் பார்த்து, அப்போதும் நகராத பிள்ளைகளைத்தான் தனியாகக் கவனிக்க வேண்டும்.

நம் பகுதிக்கே உரிய தடுமாற்றங்களும் உண்டு. பிள்ளைகள் தமிழோடு மலையாளமும் படிக்கிறார்கள். மலையாளத்தில் இரட்டை மெய்யைப் புள்ளியில்லாமல் ஒரே கூட்டெழுத்தாக எழுதுவார்கள். அந்தப் பழக்கத்தில் தமிழில் 'அம்மா' என்பதை 'அமமா' என்று எழுதும் பிள்ளை புள்ளியை மறந்தது என்று நினைப்பது தவறு. அதற்குப் புள்ளியின் வேலை புரியவில்லை. மலையாளத்தில் ந, ன இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால் இங்கே இரண்டும் இடம் மாறும். சிவப்பு மையால் சுழிப்பதால் இது சரியாகாது. கல், பல், மண் என்று மெய்யில் முடியும் சொற்களில் தொடங்கி, பிறகு பட்டம், வண்டி, பக்கம் என்று புள்ளி நடுவில் வரும் சொற்களுக்குப் போக வேண்டும். சொல்லின் முதலில் ந, மற்ற இடங்களில் பெரும்பாலும் ன; த-வுக்கு முன்னால் மட்டும் 'பந்து' போல ந் என்று காட்டினால் 3-ஆம் வகுப்புப் பிள்ளைக்குப் பிடிபடும். 1-ஆம் வகுப்பில் இரு மொழிகளின் எழுத்தையும் ஒரே வாரத்தில் தொடங்காமல் இருப்பது நல்லது. தமிழில் ட, ப, ம போன்ற எளிய வடிவங்கள் கையில் படிந்த பிறகு மலையாள எழுத்து வரட்டும். அதுவரை மலையாளம் பாட்டும் பேச்சுமாகப் போகலாம்.

ஆண்டின் இலக்கும் இதிலிருந்துதான் வர வேண்டும். 'எல்லோரையும் சிறந்த மாணவராக்குவேன்' என்ற உறுதியில் குறையில்லை, ஆனால் அதை அளக்க முடியாது, ஜூலைக்குள் மங்கிவிடும். முதல் பருவத் தேர்வான ஓணத் தேர்வுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் இன்றிருக்கும் நிலையிலிருந்து ஒரு படி ஏற வேண்டும்: எழுத்தில் இருப்பவர் சொல்லுக்கு, சொல்லில் இருப்பவர் வாக்கியத்துக்கு. தினம் 25 நிமிடம், 6 பேர் கொண்ட குழு, மற்ற வேலை எதுவும் குறுக்கே வராத நேரம். இது நடக்கக்கூடியது. தொடக்கப் பள்ளிக்குச் சட்டம் சொல்லும் 200 வேலை நாளில் 10 நாளை இதற்குக் கொடுப்பது இழப்பாகாது. 2024-25-இல் 8-ஆம் வகுப்பில் தொடங்கிய பாடவாரி 30 சதவீதக் குறைந்தபட்ச மதிப்பெண் முறையில், வினாவை வாசிக்க முடியாத பிள்ளைக்குக் கணக்கு தெரிந்திருந்தும் பயனில்லை.

இதற்குத் தலைமை ஆசிரியர்களின் துணை தேவை. முதல் 2 வாரம் 2 முதல் 4 வரையுள்ள வகுப்பாசிரியர்களைக் கணினிப் பதிவு வேலைக்கு இழுக்காதீர்கள். 'எத்தனை பாடம் முடிந்தது' என்று கேட்காதீர்கள், எத்தனை பேரின் வாசிப்பைப் பார்த்தாயிற்று என்று கேளுங்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மலையாளச் சுற்றறிக்கையை அப்படியே போடுவதையும் நிறுத்த வேண்டும். தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த பெற்றோர் இங்கே நிறைய. 2 வரி தமிழில், அதற்கும் நேரமில்லையென்றால் அரை நிமிடக் குரல் பதிவாக, ஆறாம் பணி நாளுக்கு முன்பே சொல்லிவிட்டால் அன்று பிள்ளையைத் தவறாமல் அனுப்புவார்கள்.

இப்படிக்கு,
தமிழ்வழித் தொடக்கப் பள்ளி ஆசிரியர்,
சித்தூர் வட்டம், பாலக்காடு மாவட்டம்.