தேக்கா கடைவீட்டுக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூர் தேக்கா வட்டாரத்தில், சிராங்கூன் சாலையிலும் அதன் கிளைத் தெருக்களிலும் கீழே கடையும் மேலே வீடுமாக இருக்கும் கடைவீடு வைத்திருக்கும், வாடகைக்கு எடுத்திருக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

தீபாவளிக்கு முன் பெயிண்ட் அடிப்பது நம் வழக்கம். இந்த முறை வாளியைத் திறப்பதற்கு முன் ஒரு வேண்டுகோள்: பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டும் பிளாஸ்டிக் பெயிண்டும் ஏற்றாதீர்கள்.

இங்கே ஒரு கடைவீட்டு மாடியில் பல வருடம் குடியிருந்தேன். கீழே சுவரில் ஈரம் தெரிகிறது என்று முழங்கால் உயரத்துக்குச் சிமெண்ட் பூசி, மேலே பளபளவென்று பெயிண்ட் அடித்தார்கள். டிசம்பர் மழை முடிவதற்குள் ஈரம் சிமெண்டைத் தாண்டி மேலே ஏறிவிட்டது. இடுப்பு உயரத்தில் வரிசையாகக் கொப்புளம். ஒன்றை நகத்தால் உடைத்தேன். உள்ளே வெள்ளை உப்பு பூத்திருந்தது. அதற்குப் பின்னால் இருந்த செங்கல் மாவாக விரலோடு வந்தது.

சுண்ணாம்புக் காரை ஈரத்தை உறிஞ்சும், வெயில் வந்ததும் வெளியே விடும். அதன் வாயை அடைத்தால் ஈரம் செங்கலுக்குள்ளேயே தங்கி, உப்பு அதை அரிக்கும். கடைவீட்டில் இது இன்னும் மோசம். இரண்டு வீட்டுக்கும் நடுவே சுவர் ஒன்றுதான். மாடியைத் தாங்கும் மர உத்திரங்களின் முனைகள் அந்தப் பொதுச் சுவருக்குள்தான் செருகியிருக்கின்றன. உங்கள் பக்கம் பூசிய சிமெண்ட், பக்கத்து வீட்டு உத்திரத்தையும் உளுத்துப்போக வைக்கும்.

இந்த வட்டாரத்துக்கே நம் ஆட்கள் வைத்த பெயர் சுண்ணாம்புக் கம்பம். இங்கே சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன; மலாயில் கம்போங் கப்போர் என்றாலும் அதே பொருள்தான். இதே சிங்கப்பூரில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தைக் கட்டிய இந்தியக் கைதிகள், கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டையின் வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசினார்கள். காய்ந்த பிறகு கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். மெட்ராஸ் சுண்ணாம்பு என்று பேர் வாங்கிய வேலை அது. அப்படிப்பட்ட கைவேலை வந்திறங்கிய ஊரில், சுண்ணாம்பு பூசத் தெரிந்த கொத்தனாரை இன்று தேடி அலைய வேண்டியிருப்பது எனக்குத் தாங்கவில்லை.

1989-இல் நம் தேக்கா இருக்கும் லிட்டில் இந்தியா மரபுக் கட்டடப் பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்டதால் முகப்பு தப்பித்தது. சன்னல், ஓடு, பூ வேலை எல்லாம் பத்திரம். உள்சுவரைத்தான் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

செலவு கூடும் என்பது தெரியும். சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும். கடையைச் சில நாள் மூட வேண்டி வரலாம். அதனால் பக்கத்துக் கடைக்காரரோடு பேசி இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் செய்யுங்கள். வீட்டு உரிமையாளர்களே, சிமெண்ட் பூசக் கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதுங்கள். வெள்ளையடிக்க மனமில்லை என்றால், சுவர் மூச்சுவிட இடம் கொடுக்கும் சிலிகேட் பெயிண்ட் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் சுவர் எந்த வகை என்று தெரியவில்லையா? கதவுக்குப் பின்னால் மறைவான இடத்தில் நாணயத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாக, மென்மையாக உதிர்ந்தால் பெரும்பாலும் சுண்ணாம்புதான். பெயிண்டர் சாமான் வாங்கப் போவதற்கு முன் அதை அவரிடம் காட்டிவிடுங்கள்.

அன்புடன்,
சுண்ணாம்புக் கம்பத்தின் பழைய குடியிருப்பாளர்