எங்கள் தெருத் தையற் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிக்க இருப்பதாலும், கோடையில் நாகமலை வெயிலுக்கு அஞ்சிப் பெரும்பாலான சனிக்கிழமைக் கூட்டங்கள் நடவாததாலும், புரட்டாசி முதல் கார்த்திகை வரை நடந்தவற்றையே இவ்வறிக்கையில் விரிவாகக் குறிப்பிடுகிறேன்.

கொல்லைப்புறத்தில் கண்ணால் கண்டதை மட்டுமே துணியில் தைப்பது என்ற சென்ற ஆண்டுத் தீர்மானத்தின்படி, அக்டோபர் 12 விஜயதசமி அன்று புதிதாகச் சேர்ந்த சிறுமியர் நால்வரும் அணிலை வரைந்துகொண்டு சங்கிலித் தையலில் தொடங்கினர். அணிலின் முதுகில் மூன்று கோடுகளா, ஐந்தா என்று எழுந்த வாதம், முருங்கை மரத்தடிக்குச் சென்று மூன்று என்று எண்ணிப் பார்த்த பின்னரே அடங்கியது.

அதே மாதத்தில் உறுப்பினர் ஒருவரின் வீட்டு வேலியோரச் சருகுகளுக்கிடையே ஆறுமணிக் குருவி வந்திறங்கியது. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தைக் கழிக்கத் தெற்கே வரும் இப்பறவை, விடியலிலும் அந்தியிலும் தவறாமல் குரல் கொடுப்பதால் அப்பெயர் பெற்றது. பச்சை முதுகு, நீலத் தோள், கண்ணை ஒட்டிய கறுப்புப் பட்டை, வெள்ளைத் தொண்டை எனப் பல நிறங்கள் இருந்தும், வாலடியின் சிவப்புதான் நம்மைச் சோதித்தது. தரையில் தத்தித் திரியும் பறவையிடம் அந்தச் சிவப்பை ஒரு கணத்திற்கு மேல் காண முடிவதில்லை. ஆறு இழை நூலைப் பிரித்து ஒற்றை இழையில் மூன்று முறை தைத்து மூன்று முறையும் பிரித்த அவ்வுறுப்பினர், நான்காம் முறை தைத்ததே இன்று மேடையில் விரிக்கப்பட்டுள்ளது.

அக்டோபர் 25 அன்று மதுரையில் கொட்டிய பெருமழையால் செல்லூர்ப் பகுதி உறுப்பினர்களின் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. மறுநாள் கூட்டம் நடைபெறவில்லை. அடுத்த வாரங்களில் பழைய சுங்குடிச் சேலைகளை மூன்றடுக்காக வைத்து ஓட்டுத்தையல் போட்டுத் தயாரித்த போர்வைகளில் முதல் நான்கு அவ்வீடுகளுக்கே சென்றன. முடிச்சிட்டுச் சாயம் தோய்த்த துணி என்பதால், புள்ளிகளின் வரிசையைப் பிடித்தே கோணாமல் தைக்க முடிந்தது. சுங்குடிக்குப் புவிசார் குறியீடு 2005இல் கிடைத்தது. அதற்கு நெடுநாள் முன்பிருந்தே நம் பாட்டிமார் கிழிந்த சுங்குடியைப் பிள்ளைகளுக்குப் போர்த்தி வந்துள்ளனர்.

மழை ஓய்ந்த பகல்களில் கருநீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் ஆகிய வண்ணத்துப்பூச்சிகள் மேற்கு நோக்கிச் சாரிசாரியாகப் பறந்ததைப் பலர் கண்டனர். அவை கிலுகிலுப்பைச் செடியில் மொய்க்கும் என்பதால், அச்செடியைக் களையென்று பிடுங்க வேண்டாமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு தவற்றையும் பதிவு செய்ய வேண்டியுள்ளது. ஜூலையில் தையல்சிட்டு ஒன்று நாட்டுப் பாதாம் இலையின் ஓரங்களை அலகால் துளைத்துப் பஞ்சு கோத்துத் தைத்ததைக் கண்டோம். அது முடிச்சுப் போடுவதில்லை. துளைக்கு வெளியே பிரிந்து பருத்து நிற்கும் பஞ்சே பிடிமானம். அந்த வியப்பில், நம் கழிவு நூல்களைச் செம்பருத்தியில் தொங்கவிட்டால் பறவைகளுக்கு உதவுமே என்று யோசனை கூறியவள் நானே. கார்த்திகை முதல் வாரத்தில் தவிட்டுக்குருவி ஒன்றின் கால்களில் நீண்ட நைலான் நூல் இறுகிச் சுற்றி, அது பறக்க முடியாமல் கிடந்தது. பூத்தையல் கத்தரியால் இழை இழையாக வெட்டி விடுவித்தோம். அன்றே நூல்கள் அனைத்தையும் செடிகளிலிருந்து அகற்றினோம். இனிக் கழிவு நூலைத் தகர டப்பாவில் சேர்ப்பதென்றும், பறவைகளுக்கு இலவம்பஞ்சுச் சிறு துணுக்குகளை மட்டுமே வைப்பதென்றும் செயற்குழு முடிவு செய்துள்ளது. பருத்தி நூலையாவது அனுமதிக்கலாம் என்று இருவர் வாதிட்டனர். நீளமான எந்த நூலும் காலைச் சுற்றும் என்பதால் அது ஏற்கப்படவில்லை.

டப்பா கூடத்தின் ஜன்னலருகே வைக்கப்பட்டுள்ளது. இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்