மேட்டுக்காட்டில் பூ

சந்தூர்
தை 18

அன்புள்ள கண்ணு,

நானும் அம்மாவும் நலம். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் கொடுத்தனுப்பிய ராகி மாவு கிடைத்ததா? கிடைத்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொங்கலுக்கும் நீ பேசவில்லை. வேலையை விட்டதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் கதை வந்த பத்திரிகையை அண்ணன் வாங்கி வந்தான். டீக்கடை வரைக்கும் எடுத்துப் போய் எல்லாரிடமும் காட்டினேன். உன் பெயருக்குக் கீழே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பிறந்தவர் என்று போட்டிருக்கிறார்கள். நீ பிறந்தபோது நாம் தர்மபுரி மாவட்டம், பிரித்தது 2004-ல். அவர்களிடம் சொல். அப்புறம், கதையில் ஆடி மாதம் மாமரம் பூக்கிறது. இந்த ஊர்ப் பெண் அப்படி எழுதலாமா? மார்கழி, தையில்தானே நமக்குப் பூ. இப்போது மேட்டுக்காட்டுக்கு வந்தால், பெங்களூரா மாமரத்தடியில் நுழையும்போதே அந்த இனிப்பும் புளிப்புமான வாசம் மூக்கில் ஏறும். தத்துப்பூச்சி விழுந்த மரத்தில் இலையெல்லாம் தேன் பூசியது போலப் பிசுபிசுக்கும். கிளையை அசைத்தால் தூறல் போடுகிற மாதிரி ஒரு சத்தம். மூன்றாம் வகுப்பில் அதைக் கேட்டு, "மழை வருதுப்பா" என்று பைக்கட்டைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஓடியவள் நீ. பெங்களூரில் அறைக்குள்ளேயே இருந்தால் மாதம் மறந்துதான் போகும். வந்து பத்து நாள் இரு. நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி கண் விழிக்காதே.

ஒன்று சொல்ல வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் நீ எழுதிய நீல அட்டை நோட்டைக் கரையான் அரித்துவிட்டதாகச் சொன்னேன். கரையான் இல்லை. நான்தான் வெந்நீர் அடுப்பில் போட்டேன். அந்த வருடம் பூ கருகி, காய் விலையும் போய், கடன் கழுத்துக்கு வந்திருந்தது. நீயும் கணக்கில் தோற்றிருந்தாய். இதெல்லாம் காரணமாகுமா? ஆகாது. இரண்டு நாள் நீ அலமாரிக்குப் பின்னால் கரையான் மண்ணைச் சுரண்டித் தேடிக்கொண்டிருந்தாய். பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

போடுவதற்கு முன் ஒரு பக்கம் படித்தேன். புளி தட்டித் தட்டி ஆயாவின் விரல் வெடிப்பெல்லாம் எரியும், விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு அதே கையால் உன் தலையைக் கோதுவாள், விடியும் வரை தலையணையில் புளி வாசம் இருக்கும் என்று எழுதியிருந்தாய். இந்தக் கதையில் அது இல்லை. இரண்டு தடவை தேடிப் பார்த்தேன். எனக்கு நினைவிருப்பது அந்த ஒரு பக்கம்தான். எழுதி அனுப்பிவிட்டேன், எடுத்துக்கொள்.

அப்பா